காலை உணவைத் தவிர்த்தால் மாரடைப்பா? கோஹார்ட் ஆய்வை எப்படிப் படிப்பது

கேள்வி இதுதான்: "காலை உணவைத் தவிர்க்கும் ஆண்களுக்கு இதய நோய் ஆபத்து 27 சதவீதம் கூடுதல் என்று படித்தேன். ஆதாரம் ஒரு கோஹார்ட் ஆய்வு என்று போட்டிருந்தார்கள். அது என்ன மாதிரி ஆய்வு? மருந்துச் சோதனையை நம்புகிற அளவுக்கு இதை நம்பலாமா? நம் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நோய் இன்னும் வராத மக்கள் கூட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், புகைக்கிறார்களா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் யார் யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதுதான் கோஹார்ட் ஆய்வு. நோய் வருவதற்கு முன்பே பழக்கம் பதிவாகிவிடுகிறது; அதன் பெரிய பலம் அதுதான். ஆனால் யார் காலையில் சாப்பிட வேண்டும், யார் பட்டினி இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்வதில்லை. அவரவர் விருப்பப்படி வாழ்கிறார்கள், ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார். மருந்துச் சோதனையில் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மக்களை இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். இங்கே அந்தக் குலுக்கல் கிடையாது. கோஹார்ட் ஆய்வில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

இதைப் புரிந்துகொள்ள பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1950-ல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளின் புகைப்பழக்கத்தை, வேறு காரணங்களுக்காகச் சேர்ந்திருந்த நோயாளிகளின் பழக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்த 649 ஆண்களில் 27 பேர். இந்த வகைக்குக் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு என்று பெயர்: நோயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பழக்கத்தைத் தேடுவது.

அதைப் பலர் ஏற்கவில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் போய் "நீங்கள் எவ்வளவு புகைத்தீர்கள்?" என்று கேட்டால், நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் அவர் கூட்டிச் சொல்லலாம். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் சரியான ஒப்பீடுதானா என்பதும் நியாயமான கேள்வி. அப்போதுதான் இருவரும் திசையை மாற்றினார்கள். 1951 அக்டோபரில் பிரிட்டனில் இருந்த மருத்துவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வித்தாளை அஞ்சலில் அனுப்பினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பயன்படக்கூடிய பதில் அனுப்பினார்கள். அதில் 34,439 பேர் ஆண்கள். ஏன் மருத்துவர்கள் என்றால், அவர்கள் பெயர் தொழில் பதிவேட்டில் இருக்கும், வீடு மாறினாலும் தேடிப் பிடிக்கலாம், இறந்தால் சேதி வந்து சேரும். எவரைக் கடைசி வரை பின்தொடர முடியுமோ அவரைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொழிலின் முதல் சாமர்த்தியம்.

1954-லேயே முதல் அறிக்கை வந்துவிட்டது. 35 வயதுக்கு மேற்பட்ட 24,389 ஆண்களில் அதுவரை 789 இறப்புகள், அவற்றில் 36 நுரையீரல் புற்றால். புகை கூடக் கூட இறப்பும் கூடியது. பின்தொடர்தல் அரை நூற்றாண்டு நீடித்து, 2004-ல் ஐம்பதாண்டு அறிக்கை வந்தது. 1900-க்கும் 1930-க்கும் இடையே பிறந்து தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன, 50-ல் விட்டவர்களுக்கு 6, 40-ல் 9, 30-ல் 10. ஒரு மனிதரின் வாழ்நாளை முழுதாகப் பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் இது. கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு இதைத் தராது. மக்களைக் குலுக்கிப் பிரித்து ஒரு பாதிக்கு ஐம்பது வருடம் சிகரெட் கொடுக்கும் சோதனையை எந்த மனசாட்சியும் அனுமதிக்காது.

சரி, இப்போது எண்களைப் படிக்கும் விதம். செய்தி படிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டாலும் ஹில்லும் 1964-ல் வெளியிட்ட பத்தாண்டு அறிக்கையில், புகைக்காத ஆயிரம் பேரில் ஆண்டுக்கு நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 0.07. நிறையப் புகைப்பவர்களில் 2.27. வகுத்துப் பார்த்தால் 32 மடங்கு. அதே ஆட்களில் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் முறையே 7.32, 9.93. வகுத்தால் 1.4 மடங்குதான். இப்படிப் பார்த்தால் புகை நுரையீரலுக்கு எமன், இதயத்துக்கு லேசான தொல்லை என்று தோன்றும். இப்போது வகுப்பதற்குப் பதில் கழித்துப் பாருங்கள். புற்றுநோயில் ஆயிரம் பேருக்கு 2.20 கூடுதல் இறப்பு. இதய நோயில் 2.61. அதாவது புகைப்பவர்களிடம் கூடுதலாக நடந்த சாவுகளில் இதய நோய்க்கே பெரிய பங்கு, ஏனென்றால் இதய நோய் ஏற்கெனவே எல்லோருக்கும் வருகிற நோய். 32 மடங்கு என்பது காரணம் எவ்வளவு அழுத்தமானது என்று காட்டுகிறது. எத்தனை பேர் சாகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கழித்தல் கணக்குதான் வேண்டும். செய்திகளில் மடங்கும் சதவீதமும் மட்டும்தான் வரும். கழித்தால் கிடைக்கும் எண்ணை நாமே தேடி எடுக்க வேண்டும்.

மருத்துவர்கள் ஆய்வு வந்த பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. புள்ளியியலின் மேதைகளில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷரே, புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு உண்டாக்கலாமே என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை. பழக்கத்தோடும் ஒட்டிக்கொண்டு, நோயோடும் ஒட்டிக்கொண்டு, நடுவில் நின்று நம்மைக் குழப்பும் மூன்றாவது காரணியைத் துறையில் கன்ஃபவுண்டர் என்பார்கள். கோஹார்ட் ஆய்வு எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது. ஃபிஷருக்கான நல்ல பதில்களில் ஒன்று 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் போட்ட கணக்கு: புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் ஒன்பது மடங்கு என்றால், அதை முழுதாக விளக்க வேண்டிய மறைகாரணியும் புகைக்காதவர்களிடம் இருப்பதைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. அதோடு புகையை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. பரம்பரைக் கூறு சிகரெட்டை விட்டதும் மாறிவிடாது. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு: பத்து மடங்கு, முப்பது மடங்கு வித்தியாசத்தைக் குழப்பும் காரணி ஒன்று தனியாக உண்டாக்குவது மிகக் கடினம். 1.2, 1.3 மடங்கை உண்டாக்குவது எளிது. உணவு பற்றி வரும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

எளிதாக உண்டாகிவிடும் என்பதற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வில் 11 மாநிலங்களைச் சேர்ந்த, 30 முதல் 55 வயது வரையிலான 1,21,700 செவிலியர்கள் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள். மிக நேர்த்தியாக நடத்தப்பட்ட ஆய்வு, இதில் சந்தேகமே வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கடுமையான இதய நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 1991-ல் அந்த ஆய்வு சொன்னது. வேறு கோஹார்ட் ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. லட்சக்கணக்கான பெண்களுக்கு இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையில் ஹார்மோன் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு குலுக்கிப் பிரித்த பெரிய சோதனை வந்தது. 16,608 பெண்கள், ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும், மறுபாதிக்கு வெறும் போலி மாத்திரை. 2002-ல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 37 பேருக்கு இதய நோய், எடுக்காதவர்களில் 30. மார்பகப் புற்று 38-க்கு 30. பாதியாகக் குறைகிறது என்றது எங்கே, கூடுகிறது என்பது எங்கே!

என்ன நடந்தது? முதலில் எல்லோரும் சொன்ன விளக்கம், ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள், வசதியுள்ளவர்கள், மருத்துவரைத் தவறாமல் பார்ப்பவர்கள் என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இன்னும் நுட்பமானது. செவிலியர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற சமயத்தை ஒட்டி ஹார்மோனைத் தொடங்கியவர்கள். சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அப்புறம், ஹார்மோன் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் இதய நோய் அதிகம் வந்தது. கோஹார்ட்டில் "இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்" என்று கணக்கில் வந்தவர்களில் பலர் அந்த ஆபத்தான கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள். தாண்டாதவர்கள் ஏற்கெனவே கழிந்துபோயிருந்தார்கள். 2008-ல் மிகுவெல் ஹெர்னானும் கூட்டாளிகளும் அதே செவிலியர் தரவை எடுத்து, ஹார்மோன் தொடங்கிய நாளிலிருந்து, சோதனையில் எண்ணுவதுபோலவே எண்ணிப் பார்த்தார்கள். முரண்பாடு பெருமளவு மறைந்துவிட்டது. என் பார்வையில் கோஹார்ட் ஆய்வின் வரலாற்றில் மிக முக்கியமான பாடங்களில் இது ஒன்று. குலுக்கல் இல்லாதது மட்டும் குறையில்லை. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதும் முடிவையே புரட்டிப் போடும். ஒரு மருந்தை எடுத்துக்கொண்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று படித்தால், அந்த மருந்து கையில் கிடைக்கும்வரை உயிரோடு இருந்ததே அவர்களுக்குச் சாதகமாகக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் காலை உணவுக்கு வருவோம். அந்த 27 சதவீதம் 2013-ல் வந்த அமெரிக்க ஆய்வின் முடிவு. 45 முதல் 82 வயது வரையிலான 26,902 ஆண்கள், எல்லோரும் சுகாதாரத் தொழிலில் இருப்பவர்கள், பதினாறு ஆண்டுகள் பின்தொடர்தல், 1,572 பேருக்கு இதய நோய். அதாவது மொத்தத்தில் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு, அதுவும் பதினாறு ஆண்டுகளில். அந்த ஆறின் மேல் 27 சதவீதம் என்றால் ஏழு, ஏழரை. காலையில் சாப்பிடாதவர்கள் யார் என்று அந்த ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்: புகைப்பவர்கள் அதிகம், மது அதிகம், உடற்பயிற்சி குறைவு, திருமணமாகாதவர்கள் அதிகம், முழுநேர வேலையில் இருப்பவர்கள் அதிகம். இந்த வேறுபாடுகளையெல்லாம் கணக்கில் சரிசெய்த பிறகு நின்ற எண்தான் 27.

சரிசெய்வது என்றால் என்ன? புகைப்பவரைப் புகைப்பவரோடும், ஐம்பது வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரரோடும் ஒப்பிட்டு, அந்தச் சின்னச் சின்ன ஒப்பீடுகளைக் கூட்டுவது. அளந்து வைத்ததை மட்டும்தான் இப்படிச் சரிசெய்ய முடியும். காலையில் சாப்பிட நேரமில்லாமல் ஓடும் ஒருவரின் தூக்கக் குறைவு, வேலை நெருக்கடி, மனநிலை இவற்றை ஒரு கேள்வித்தாள் எவ்வளவு பிடித்துவிடும்? அதனால் என் தீர்ப்பு: காலை உணவைத் தவிர்ப்பது ஓர் அடையாளம் என்று ஏற்கலாம். அதுவே காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் பசித்தால் சாப்பிடுங்கள். பசிக்காதவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பயந்துபோய் இட்லியைத் திணித்துக்கொள்ள வேண்டியதில்லை. புகைப்பவராக இருந்தால் முதலில் விட வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஊர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, அதுவும் உலகத் தரத்தில். சென்னையில் 1998 முதல் 2001 வரை வீடு வீடாகச் சென்று ஐந்து லட்சம் பேரின் எடை, உயரம், ரத்த அழுத்தம், பழக்கவழக்கங்களைப் பதிவு செய்தார்கள். வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று 2018-ல் வெளியானது. ரத்த அழுத்தம் கூடக் கூட இறப்பு தெளிவாகக் கூடியது. உடல் எடையில் மட்டும் மேலை நாட்டுக் கணக்கு பொருந்தவில்லை. ஒல்லியானவர்களிடம்தான் இறப்பு அதிகம், அதிலும் காசநோய், மூச்சு நோய்களால். இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. ஒல்லியாக இருந்ததால் நோய் வந்ததா, உள்ளே ஏற்கெனவே இருந்த நோய் ஆளை ஒல்லியாக்கியதா? காரணமும் விளைவும் இடம் மாறிவிடும் இந்தச் சிக்கலுக்காகத்தான், தொடக்கத்திலேயே நோய் இருந்தவர்களை நீக்கிவிட்டும், முதல் சில ஆண்டுகளில் நடந்த இறப்புகளைத் தள்ளிவிட்டும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். எடை பற்றிய எந்த கோஹார்ட் ஆய்வைப் படித்தாலும் இதைச் செய்தார்களா என்று தேடுங்கள்.

கேஸ்-கன்ட்ரோலை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். அரிதான நோய்க்கு கோஹார்ட் கட்டுப்படியாகாது. மேலே சொன்ன 0.07-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: புகைக்காத பத்தாயிரம் பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தால் ஒரு முழு இறப்புகூடத் தேறாது. தமிழ்நாட்டில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு 43,000 ஆண்களின் இறப்பையும் உயிரோடு இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. பீடியும் சிகரெட்டும் புற்றுநோயோடு மட்டும் நிற்பதில்லை என்பதை நம் மண்ணின் கணக்காக அதுதான் அழுத்தமாகச் சொன்னது.

கோஹார்ட் என்றாலே இன்று தொடங்கி முப்பது வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய பதிவேடு நன்றாக இருந்தால் காலத்தில் பின்னே போய் அங்கிருந்து முன்னோக்கி வரலாம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் அதைத் தோண்டி எடுத்து, 1930 வரை அங்கே பிறந்த 5,654 ஆண்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார். குழந்தையாக இருந்தபோது எடை மிகக் குறைவாக இருந்தவர்களிடம் இதய நோய்ச் சாவு அதிகம் என்று 1989-ல் எழுதினார். யாரோ ஒரு செவிலியர் எழுபது வருடத்துக்கு முன் ஒழுங்காக எழுதிய எண்கள் அந்த ஆய்வைச் சாத்தியமாக்கின. நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் எழுதும் பேரேடுகளையும் அப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த தமிழ்நாட்டு கோஹார்ட் வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 452 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி, வயிற்றுப்போக்கு வந்தால் கூடுதலாக ஒன்று. 373 குழந்தைகள் மூன்று வருடத்தையும் முடித்தார்கள். மீதி 79 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பது சரியான கேள்வி. விட்டுப்போனவர்கள், இருந்தவர்களைவிட நோஞ்சானாகவோ ஆரோக்கியமாகவோ இருந்திருந்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் வீடு மாறிக்கொண்டே இருக்கும் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் இவ்வளவு பேரைத் தக்கவைத்ததற்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்த களப்பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது.

அவர்கள் தேடியது குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸை. அதற்கு முன் மெக்சிகோவில் 200 குழந்தைகளை வைத்து இதேபோல் நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை. இயற்கைத் தொற்றே அப்படிக் காக்கிறதென்றால் தடுப்பு மருந்தும் காக்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. வேலூரில் 2011-ல் வெளியான முடிவு வேறு. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது, திரும்பத் திரும்பவும் வந்தது, மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இங்கே தடுப்பு மருந்தும் மெக்சிகோ அளவுக்குக் காக்காது, சீக்கிரமே கொடுக்கவும் வேண்டும் என்பதற்கான முன்னறிவிப்பு அது. பிறகு டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, ரோட்டாவேக் என்ற ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை வைத்து நடத்திய சோதனையில் கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு ஏறத்தாழ 55 சதவீதம் என்று 2014-ல் தெரிந்தது. கோஹார்ட் எந்தத் திசையைக் காட்டியதோ அதே திசை. நோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் பாதிக்குப் பாதி தடுத்தாலே மிகப் பெரிய காரியம் என்பதால், 2016-ல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இப்போது ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள்.